நல்லா இருக்கிற பிள்ளைக்கு பம்ப் எதுக்கு?



மழையும் பனிக்காத்தும் மாறி மாறி அடிக்கிற காலத்தில் லயத்துக்கு லயம் இருமல் சத்தம் கேட்கும். அந்த நாட்களில் நாங்கள் காம்பரா காம்பராவாகப் போய்ப் பிள்ளைகளைப் பார்ப்பது வழக்கம். அப்படிப் போன ஒரு வீட்டில் ஜன்னல் கட்டையில் இரண்டு பம்ப் இருந்தன. நீல பம்ப் எழுத்தெல்லாம் தேய்ந்து காலியாகிக் கிடந்தது. பக்கத்தில் இருந்த மண்ணிற பம்பின் மேல் அடுப்புக் கரி படிந்திருந்தது. கிளினிக்கில் கொடுத்து மூன்று மாதமாம். மூடியைக் கழற்றின மாதிரியே தெரியவில்லை.

ஏழு வயதுப் பிள்ளை. மாதத்தில் இரண்டு மூன்று ராத்திரி இழுப்பு வருகிறது. அம்மா மறைக்காமல் சொன்னாங்க: "அது ஸ்டீரொயிட் மருந்தாமே. புள்ளைக்கு எதிர்ப்பு சக்தி கொறைஞ்சிரும்னு பணிய லயத்து அக்கா சொன்னாங்க. அதோட இழுப்பு வராத நாள்ல நல்லா ஓடி வெளயாடுது. நல்லா இருக்கிற புள்ளைக்கு எதுக்கு மருந்து?"

இஸ்தோப்பில் நின்றுகொண்டு ஒரு வார்த்தையில் பதில் சொல்ல எங்களுக்கு முடியவில்லை. ஏனென்றால் அந்த அக்கா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. பாதி உண்மைதான் முழுப் பொய்யை விடக் கஷ்டம் தருகிறது. எனவே அந்த அம்மாவின் கேள்வியையே இந்த இதழின் பாடமாக எடுத்துக்கொண்டோம். கொஞ்சம் நீளமான பாடம். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு படிக்கிற பிள்ளை யாராவது சத்தமாக வாசிக்க, வீட்டில் எல்லோரும் கேட்டால் நல்லது.

குழாய் ஏன் அடைபடுகிறது?

இழுப்பு, முட்டு, தொய்வு, வீசிங் என்று ஆளுக்கொரு பேர் சொன்னாலும் டொக்டர்மார் எழுதுவது ஆஸ்துமா என்றுதான். நெஞ்சுக்குள் காற்றுக் குழாய்கள் மரத்தின் கிளை மாதிரி பெரிசிலிருந்து சிறிதாகப் பிரிந்து பிரிந்து போகின்றன. இழுப்பு வரும் நேரம் அங்கே மூன்று காரியம் நடக்கிறது. குழாயைச் சுற்றியிருக்கிற தசை இறுகுகிறது. குழாயின் உட்சுவர் வீங்குகிறது. கெட்டியான சளி சுரந்து மிஞ்சிய வழியையும் அடைக்கிறது.

நீல பம்பில் இருக்கிற சல்பியூட்டமோல் இந்த மூன்றில் முதலாவதை மட்டுமே கவனிக்கும். சில நிமிடத்தில் தசை தளரும், மூச்சு வரும், நாலு ஐந்து மணித்தியாலம் சுகமாக இருக்கும். வீக்கத்தை அது தொடாது. அதனால்தான் விடியற்காலையில் மறுபடியும் பிள்ளை எழுந்து உட்காருகிறது.

ஒரு காலத்தில் டொக்டர்மாரும் ஆஸ்துமாவைத் தசை இறுகுகிற வருத்தம் என்றே பெரும்பாலும் நினைத்திருந்தார்கள். 1980களில் மெல்லிய குழாய்க் கருவியை நெஞ்சுக்குள் விட்டு, உட்சுவரில் ஊசிமுனையளவு துணுக்கு எடுத்துப் பார்த்தபோதுதான், லேசான ஆஸ்துமா உள்ளவர்களின் குழாயிலும் அழற்சி இருப்பது தெளிவாகத் தெரியவந்தது. இழுப்பு இல்லாத நாளிலும் அது இருந்தது. அந்த அம்மாவின் கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே கிடைக்கிறது. பிள்ளை ஓடி விளையாடுகிறது என்பது உண்மை. உள்ளே சுவர் ஆறவில்லை என்பதும் உண்மை.

எதிர்ப்பு சக்தி ஒரே சாமான் இல்லை

நோய் எதிர்ப்பு சக்தியைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் நிர்ப்பீடனம் என்று எழுதியிருப்பார்கள். நாம் அதை விளக்கில் ஊற்றின எண்ணெய் மாதிரி நினைக்கிறோம். கூடினால் நல்லது, குறைந்தால் கூடாது என்று. உண்மையில் அது அப்படிப்பட்ட ஒரே சாமான் இல்லை. ஒரு தோட்டத்தில் கொழுந்துக்கு ஒரு கூட்டம், கவ்வாத்துக்கு ஒரு கூட்டம், மருந்தடிக்க ஒரு கூட்டம், ராக்காவலுக்கு வேறு ஆள் என்று இருக்கிறது தானே? அதே மாதிரி நம் இரத்தத்திலும் பல கூட்டம் இருக்கின்றன. கிருமிக்கு ஒன்று, வைரசுக்கு ஒன்று, வயிற்றுப் புழுவுக்கு ஒன்று. ஒரு கூட்டம் தேவையில்லாத மலையில் இறங்கிச் செடியை வெட்டினால், மற்றக் கூட்டங்கள் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தாலும் தோட்டம் பாழ்தான்.

ஆஸ்துமாவில் பெரும்பாலும் பிசகுவது அந்தப் புழுவுக்கான கூட்டம். மனிதன் காலம் காலமாக வயிற்றுப் புழுவோடு வாழ்ந்தவன். நம்முடைய பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்கிறோமே, அந்தப் புழுக்களை எதிர்க்க உடம்பு தனியாக ஒரு படை வைத்திருக்கிறது. ஆஸ்துமா உள்ள பலரின் உடம்பில் இந்தப் படை, கம்பளியிலும் தலையணையிலும் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத தூசு உண்ணியையும், ஈரச் சுவரின் பூஞ்சணத்தையும், பூனை முடியையும் எதிரி என்று எடுத்துக்கொள்கிறது. உண்ணியின் தூசு நம்மை ஒன்றும் செய்யாது. அதை அடிக்க வந்தவர்கள்தான் வீட்டை உடைக்கிறார்கள்.

அது எப்படி நடக்கிறதென்று கொஞ்சம் விபரமாகப் பார்ப்போம். இந்தப் படைக்குக் கங்காணி மாதிரி நின்று கட்டளை கொடுப்பவை டி கலங்கள் எனப்படும் வெண்குருதிக் கலங்களில் ஒரு வகை. இவை கூப்பிட்டுச் சொல்வதில்லை, துண்டு எழுதி அனுப்புகின்றன. அந்தத் துண்டுக்கு விஞ்ஞானிகள் வைத்த பேர் இன்டர்லியூக்கின். நாலாம் இலக்கத் துண்டு போனால் ஐ.ஜி.ஈ என்ற பிறபொருளெதிரி தயாராகும். அது மாஸ்ட் கலங்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அடுத்த தடவை தூசு பட்டதும் மாஸ்ட் கலம் வெடித்த மாதிரித் தன் சரக்கைக் கொட்டும், தசை உடனே இறுகும். ஐந்தாம் இலக்கத் துண்டு ஈயோசினோபில் என்ற கலங்களை வரவழைக்கும். அவைதான் புழுவின் தோலைப் பொசுக்குகிற விஷத்தைச் சுமந்து திரிகின்றன. புழு இல்லாத இடத்தில் அந்த விஷம் நம்முடைய குழாயின் மெல்லிய சுவர் மேலேயே விழுகிறது. பதின்மூன்றாம் இலக்கத் துண்டு சளியைப் பெருக்கும்.

இவ்வளவும் எல்லோர் உடம்பிலும் நடக்கக்கூடியதுதான். அப்படியானால் ஒரே கம்பளியில் தூங்குகிற அண்ணனுக்கு இழுப்பு வராமல் தங்கச்சிக்கு மட்டும் ஏன் வருகிறது? பரம்பரை ஒரு காரணம். இன்னொரு காரணம், "போதும், நிப்பாட்டு" என்று சொல்கிற கலங்கள். டி கலங்களிலேயே ஒரு பிரிவுக்கு அடக்கி வைப்பதுதான் வேலை. ஒழுங்குபடுத்தும் டி கலங்கள் என்று சொல்லுவார்கள். ஜப்பானைச் சேர்ந்த ஷிமொன் சகாகுச்சி 1995இல் இவற்றை அடையாளம் காட்டினார். இவற்றை உருவாக்குகிற பரம்பரையலகான பொக்ஸ்பி3ஐ அமெரிக்காவில் மேரி பிரங்கோவும் பிரெட் ராம்ஸ்டெலும் 2001இல் கண்டுபிடித்தார்கள். இந்த மூவருக்கும் 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. எதிரியை அடிக்கிறதைப் போலவே அடியை நிறுத்துகிறதும் உடம்புக்கு ஒரு தனித் தொழில் என்று உலகம் ஒத்துக்கொண்ட மாதிரி. ஆஸ்துமா உள்ள பலரின் காற்றுக் குழாயில் இந்த அடக்குகிற கலங்கள் குறைவாகவோ பலவீனமாகவோ இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

மண்ணிற பம்ப் உள்ளே போய் என்ன செய்கிறது?

முதலில் ஸ்டீரொயிட் என்ற பேரைப் பற்றி. உடம்பை முறுக்கேற்ற ஊசி போட்டுக்கொள்கிறார்களே, விளையாட்டு வீரர்கள் பிடிபட்டதாகப் பத்திரிகையில் வருகிறதே, அது வேறு ஸ்டீரொயிட். இது கோர்ட்டிசோல் வகை. நம் ஒவ்வொருவரின் சிறுநீரகத்துக்கு மேலும் ஒரு சின்னச் சுரப்பி தொப்பி வைத்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அது தினமும் விடியற்காலையில் கோர்ட்டிசோலைச் சுரக்கிறது. அது இல்லாவிட்டால் உயிரே தங்காது. ஆக இந்த மருந்தின் உறவுக்காரன் ஏற்கனவே நம் உடம்பில் குடியிருக்கிறான்.

1948இல் அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் டொக்டர் பிலிப் ஹென்ச் என்பவர் மூட்டு வாதத்தால் படுத்த படுக்கையாக இருந்த ஒரு பெண்ணுக்கு இந்த வகை மருந்தை முதன்முதலாகக் கொடுத்தார். சில நாளில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். 1950இலேயே நோபல் பரிசும் வந்தது. ஆனால் மாத்திரையாக நெடுநாள் குடித்தவர்களுக்கு முகம் வீங்கியது, எலும்பு பலவீனமானது, சீனி வருத்தம் வந்தது, கிருமித் தொற்று சுலபமாகப் பிடித்தது. பணிய லயத்து அக்காவின் பயம் அங்கேயிருந்துதான் வந்திருக்கிறது. அது வீண் பயம் இல்லை. இந்தக் கஷ்டத்துக்குத் தீர்வாகத்தான் 1972இல் பெக்ளோமெத்தசோன் மருந்து பம்பாக வந்தது. உடம்பு முழுக்க மருந்து ஊற்றாமல், வீங்கின இடத்தில் மட்டும் தூவுகிற யோசனை.

தூவின மருந்து குழாய்ச் சுவரின் கலத்துக்குள் நுழைகிறது. உள்ளே அதற்கென்றே ஓர் ஏற்பி காத்திருக்கிறது. இரண்டும் சேர்ந்து கலத்தின் கருவுக்குள் போகின்றன. கருவை ஆபீஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் துண்டு எப்படி எழுத வேண்டும் என்ற பதிவுப் புத்தகங்கள், அதாவது பரம்பரையலகுகள், அங்கேதான் இருக்கின்றன. அவை நூல் உருண்டையில் சுற்றின நூல் மாதிரி சுற்றப்பட்டிருக்கின்றன. ஆஸ்துமா உள்ளவரின் கலத்தில் சண்டைக்கான இடங்களில் நூல் தளர்ந்து, புத்தகம் திறந்தபடியே கிடக்கிறது. துண்டு மேல் துண்டாக எழுதிப் போய்க்கொண்டே இருக்கிறது. மருந்து அங்கே போய், தளர்ந்த நூலை மறுபடி இறுக்கிச் சுற்றுகிற ஒரு நொதியத்தைக் கூப்பிட்டு அந்த இடத்தில் நிறுத்துகிறது. புத்தகம் மூடப்படுகிறது. நாலு, ஐந்து, பதின்மூன்றாம் இலக்கத் துண்டுகள் குறைகின்றன. ஐந்தாம் இலக்கத் துண்டு வராவிட்டால் ஈயோசினோபில் நெடுநாள் தாக்குப்பிடிக்காது, தானாக மடிந்து அடங்கிப் போகும். கிழமைக்கணக்கில் மருந்து போகப் போக, சுவரில் குடியேறியிருந்த மாஸ்ட் கலங்களும் குறைகின்றன.

மூடுகிறது மட்டும் இல்லை. சில புத்தகங்களைத் திறக்கவும் செய்கிறது. அழற்சியை அடக்குகிற புரதங்கள் கூடுகின்றன. அமைதிப்படுத்துகிற பத்தாம் இலக்க இன்டர்லியூக்கின் கூடுகிறது. ஸ்டீரொயிட் எடுக்கிற ஆஸ்துமாக்காரர்களில் நாம் மேலே சொன்ன பொக்ஸ்பி3 கூடியிருப்பதை 2004இல் ஓர் ஆய்வு காட்டியது. நீல பம்பின் மருந்து வந்து பிடிக்கிற கொக்கிகளையும் இது தசையில் கூட்டி வைக்கிறது. நீல பம்பை மட்டும் ஓயாமல் அடித்தால் அந்தக் கொக்கிகள் குறைந்துபோகும். "முந்தி ரெண்டு தரம் அடிச்சா கேக்கும், இப்ப எட்டுத் தரம் அடிச்சும் கேக்கல" என்று சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது அக்காவின் பேச்சுக்கு வருவோம். எதிர்ப்பு சக்தி குறையுமா? குழாய்ச் சுவரில் தவறாக இறங்கின கூட்டத்தின் ஆட்டம் குறையும். அதற்குத்தான் மருந்து. உடம்பு முழுக்க இருக்கிற மற்றப் படைகளைச் சாதாரண அளவு பம்ப் மருந்து பெரிதாகத் தொடுவதில்லை. 2020இல் கொரோனா பரவி உலகமே வைரசுக்குப் பயந்திருந்தபோதுகூட, ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த பம்பை நிறுத்தக் கூடாது, தொடர்ந்து எடுக்க வேண்டும் என்றே உலக ஆஸ்துமா வழிகாட்டி சொன்னது.

அளவையும் பாருங்கள். ஒரு பிரெட்னிசொலோன் மாத்திரை 5 மில்லிகிராம், அதாவது 5,000 மைக்ரோகிராம். மண்ணிற பம்பின் ஒரு தூவலில் பல நேரம் 100 மைக்ரோகிராம் இருக்கும், சிலதில் 50, சிலதில் 250. இரண்டும் வேறு வேறு மருந்து என்பதால் எடையை மட்டும் வைத்துச் சரியாக ஒப்பிட முடியாது. ஆனாலும் ஐம்பது மடங்கு வித்தியாசம் எதையோ சொல்லுது தானே. இன்னொன்றும் இருக்கிறது. பம்பைப் பாவிக்காமல் விட்ட பிள்ளைக்குப் பெரிய இழுப்பு வந்து ஆஸ்பத்திரியில் படுத்தால், அங்கே கொடுப்பது அந்த மாத்திரையைத்தான், அதுவும் ஒன்றிரண்டு இல்லை. ஸ்டீரொயிட்டுக்குப் பயந்து சின்ன அளவை விட்டவர்கள் பெரிய அளவைக் குடிக்க வேண்டி வருகிறது.

ஏன் தினமும், ஏன் சுகமான நாளிலும்?

நூலைச் சுற்றிப் புத்தகம் மூடுகிற வேலை நிமிடத்தில் நடக்காது. மண்ணிற பம்பை அடித்ததும் பிள்ளைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. சில நாளில் ராத்திரி இருமல் குறையும், முழுப் பலன் தெரியக் கிழமைக்கணக்காகும். அதனால்தான் "இந்த மருந்து கேக்கல" என்று பலர் மூன்றாம் நாளே ஜன்னல் கட்டையில் வைத்துவிடுகிறார்கள்.

அதைவிட முக்கியமான ஒன்று. மருந்து புத்தகத்தை மூடுகிறது, கிழித்துப் போடுவதில்லை. தூசைப் பார்த்துப் பழகின கலங்கள் ஞாபகத்தோடு அங்கேயே இருக்கின்றன. ஐ.ஜி.ஈ இருக்கிறது. கம்பளியில் உண்ணியும் இருக்கிறது. மருந்தை நிறுத்தினால் கொஞ்ச நாளில் புத்தகம் மறுபடி திறக்கும். அந்தப் பிள்ளை நல்லா இருந்தது சில நாட்கள்தான், பம்ப் இல்லாமல். பம்ப் எடுத்த பிள்ளை நல்லா இருப்பது பம்பினால்தான். இந்த இரண்டு "நல்லா இருக்கு"க்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தை வெளியிலிருந்து கண்ணால் பார்க்க முடியாது என்பதுதான் இந்த வருத்தத்தின் பொல்லாத்தனம்.

கனடாவில் சஸ்காச்சுவான் என்றொரு மாகாணம். அங்கே ஆஸ்துமா மருந்து எடுத்த 30,000க்கும் அதிகமானோரின் பதிவேடுகளைப் பார்த்து 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளியானது. ஸ்டீரொயிட் பம்பை ஒழுங்காக எடுத்தவர்களுக்கு ஆஸ்துமாவால் சாவு குறைவு. ஒரு வருடத்தில் கூடுதலாகப் பாவித்த ஒவ்வொரு டப்பாவுக்கும் சாவு வீதம் 21% குறைந்திருந்தது. அதே ஆய்வில், பம்பை நிறுத்தின முதல் மூன்று மாதத்தில், தொடர்ந்து எடுத்தவர்களை விட நிறுத்தினவர்களுக்குச் சாவு அதிகமாக இருந்தது. ஆஸ்துமாவில் சாவு வருமா என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வரும். ராத்திரியில், ரோட்டுக்குப் போக மூன்று மைல் இருக்கிற டிவிசனில் வரும்.

2019இல் உலக ஆஸ்துமா வழிகாட்டி தன் பழைய ஆலோசனையையே மாற்றிக்கொண்டது. பெரியவர்களுக்கும் 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் நீல பம்பை மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது, ஏதாவதொரு முறையில் ஸ்டீரொயிட் பம்ப் சேர வேண்டும் என்றது. இரண்டு மருந்தும் ஒரே பம்பில் கலந்து வருவதும் உண்டு. அதைச் சில டொக்டர்மார் இழுப்பு வரும்போதும் எடுக்கச் சொல்வார்கள். ஆகவே உங்கள் பம்பின் நிறத்தை மட்டும் பார்க்காமல், எது தினமும், எது அவசரத்துக்கு என்று கிளினிக்கில் கேட்டு அதன் மேலேயே எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள். கம்பனிக்குக் கம்பனி நிறம் மாறும்.

கெடுதலே இல்லையா?

இருக்கிறது. வாயில் தங்கின மருந்தினால் நாக்கில் வெள்ளைப் படலமாகப் பூஞ்சணம் வரலாம், குரல் கட்டலாம். எதிர்ப்பு சக்தி குறைவதை நேரில் பார்க்கக் கூடிய இடம் இதுதான். மருந்து விழுந்த வாயில் காவல் கொஞ்சம் தளர்ந்ததால் பூஞ்சணம் முளைக்கிறது. பம்ப் எடுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் பெரும்பாலும் வராது. பீலிக்கரையில் பல் விளக்கப் போவதற்கு முன் பம்ப் எடுப்பதைப் பழக்கமாக்கினால் மறக்கவும் மாட்டார்கள், வாயும் கழுவின மாதிரி.

பிள்ளை வளராது என்ற பேச்சு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 5 வயது தொடக்கம் 13 வயது வரையான பிள்ளைகளுக்கு நாலு தொடக்கம் ஆறு வருடம் தினமும் புடெசொனைட் என்ற ஸ்டீரொயிட் பம்ப் கொடுத்து, அவர்கள் பெரியவர்களான பிறகும் அளந்து பார்த்தார்கள். 2012இல் முடிவு வந்தது. மருந்து எடுக்காதவர்களை விடச் சராசரியாக 1.2 சென்டிமீற்றர் உயரம் குறைவு. ஒரு விரல் அகலம்கூட இல்லை. இதை நாங்கள் மறைக்க விரும்பவில்லை. ஆனால் ராத்திரி தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல், பள்ளிக்கூடம் போகாமல் இருக்கிற பிள்ளையின் வளர்ச்சியும் குறையும். எந்தக் குறை பெரிது என்று அம்மா அப்பாதான் பார்க்க வேண்டும். டொக்டர்மாரும் அடக்கக் கூடிய மிகக் குறைந்த அளவைத்தான் தேடுவார்கள். பழக்கமாகி அடிமையாகிவிடும் என்பது மட்டும் வெறும் கதை.

புகையும் ஸ்டோரும்

மருந்து கூப்பிடுகிற அந்த நூல் சுற்றுகிற நொதியத்தைச் சிகரெட் புகை கெடுக்கிறது. அதனால் சிகரெட், பீடி குடிக்கிற ஆஸ்துமாக்காரருக்கு இந்த பம்ப் சரியாக வேலை செய்யாது. மருந்தைத் திட்டுகிறவர்கள் சட்டைப்பையையும் பார்க்கட்டும். விறகடுப்புப் புகை வேறு வழியாகக் கெடுதல் செய்கிறது. குழாயை எரித்து, இழுப்பைக் கிளப்பிவிடுகிறது. புகைபோக்கி இல்லாத அடுப்படியில் பிள்ளையைப் படுக்க வைத்துக்கொண்டு பம்ப் கொடுப்பது, ஓட்டைப் பாத்திரத்தில் தண்ணி பிடிக்கிற கதை. எல்லா வீட்டிலும் இன்று அடுப்பை மாற்ற முடியாது என்று நமக்குத் தெரியும். ஈர விறகை எரிக்காமல் காய வைப்பதும், சமைக்கிற நேரம் பிள்ளையை இஸ்தோப்புப் பக்கம் விடுவதும், வெயில் வந்த நாளில் கம்பளியை உதறிக் காயப் போடுவதும் முடியும்.

ஸ்டோரில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு தனி விஷயம். தூள் சலிக்கிற பக்கத்தில் பறக்கிற மெல்லிய தேயிலைத் தூசே சிலருக்கு ஆஸ்துமாவைத் தரும். இதை 1970இல் நமது நாட்டு மார்பு நோய் வைத்தியர் சி. ஜி. ஊரகொட பிரித்தானிய மருத்துவ இதழொன்றில் டீமேக்கர் ஆஸ்துமா என்ற பேரிலேயே எழுதினார். லீவு நாளில் சுகமாகவும் வேலை நாளில் முட்டாகவும் இருந்தால் அதைக் கட்டாயம் டொக்டரிடம் சொல்லுங்கள். அப்படிப்பட்டவர் தூசிலேயே நின்றுகொண்டு பம்பை மட்டும் கூட்டிக்கொண்டு போவதில் பிரயோசனமில்லை, இடத்தை மாற்ற வேண்டும்.

தேயிலையைப் பற்றிக் கெட்டதாகவே சொல்லி விடக் கூடாது. இழுப்புக்குக் கொடுக்கிற தியோபிலின் மாத்திரையின் மருந்தை 1888இல் ஜெர்மன் விஞ்ஞானி அல்பிரெக்ட் கொசெல் பிரித்தெடுத்தது தேயிலையிலிருந்துதான். அதற்காக இஞ்சிப் பிளேன்டீ குடித்தால் போதும் என்று யாரும் கிளம்ப வேண்டாம். கோப்பையில் இருப்பது மிகக் கொஞ்சம்.

எடுக்கிற முறை தெரியாவிட்டால் மருந்து நெஞ்சுக்குப் போகாமல் தொண்டையிலேயே நின்றுவிடும். பம்பை நன்றாகக் குலுக்கி, மூச்சை வெளியே விட்டு, பிறகு அழுத்திக்கொண்டே மெதுவாக, ஆழமாக உள்ளே இழுத்து, பத்து எண்ணும் வரை அடக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு இது வராது. அவர்களுக்கு ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் கூடு வேண்டும். அதை வைத்துச் சாதாரணமாக மூச்சு விட்டாலே போதும். கெப்சியூலை உடைத்து இழுக்கிற கருவி கிடைத்தவர்கள் மாறாக வேகமாக இழுக்க வேண்டும். கெப்சியூலை விழுங்கினவர்களையும் நாங்கள் பார்த்திருக்கிறோம், சிரிக்காதீர்கள், காட்டிக் கொடுக்காதது அவர்கள் பிழையில்லை. டிஸ்பென்சரியில் ஒரு தடவை செய்து காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

பிள்ளை ஒரு வசனம் முழுதாகப் பேச முடியாமல் திணறினால், விலா எலும்புக்கு நடுவில் குழி விழுந்தால், உதடு நீலம் பாய்ந்தால், நீல பம்ப் கொடுத்தும் கேட்காவிட்டால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். அது வரும் வரை பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்து, நீல பம்பை ஒவ்வொரு தூவலாக ஸ்பேசரில் கொடுங்கள். இரண்டு கிழமைக்கு மேல் விடாத இருமல் என்றால் அதை வீசிங் என்று நீங்களே முடிவு செய்யாமல் சளிப் பரிசோதனைக்கும் போங்கள். காசநோய் இன்னும் நம் மலைகளை விட்டுப் போகவில்லை.

இந்தக் கதையையெல்லாம் சுருக்கமாகச் சொல்லி முடித்தபோது அந்த அம்மா இன்னொன்று கேட்டாங்க: "அப்ப சாகுற வரைக்கும் குடுக்கணுமா?" அப்படியில்லை. பல பிள்ளைகளுக்கு வளர வளர இழுப்பு அடங்கிப்போகும். சிலருக்குப் பெரியவர்களான பிறகு திரும்பி வரும். இரண்டு மூன்று மாதம் இழுப்பே இல்லாமல் இருந்தால் டொக்டர் அளவைப் படிப்படியாகக் குறைத்துப் பார்ப்பார். குறைப்பது அவர் வேலை, நம் ஜன்னல் கட்டையின் வேலை இல்லை. கரியைத் துடைத்து, மண்ணிற பம்பின் மேல் "காலை, ராத்திரி" என்று பிள்ளையையே எழுதி ஒட்டச் சொன்னோம். எழுதிச்சு. அடுத்த கிளினிக் நாளுக்கு இரண்டு பம்பையும் கையோடு எடுத்துப் போகச் சொல்லிவிட்டு அடுத்த காம்பராவுக்குப் போனோம்.